படத்தின் முகவரி யார் கையில்?

செய்தித்தாளில் அச்சாகியுள்ள ஒரு புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வழியே பாருங்கள். முகமும் கண்ணும் மறைந்து, வெறும் புள்ளிகளே தெரியும். கணிப்பொறியில் சேமித்து வைக்கும் புகைப்படமும் இத்தகையதே. அதைப் பெரிதாக்கினால் சிறு சிறு கட்டங்களாகத் தெரியத் தொடங்கும்.

இதற்கு மாறான ஒரு முறையும் உண்டு. 'இந்த மையத்தில், இந்த ஆரத்தில் ஒரு வட்டம். இங்கிருந்து அங்கே ஒரு கோடு' என்று, படத்தை வரையும் கட்டளைகளாகவே எழுதிவைப்பது அம்முறை. ஒவ்வொரு முறையும் கணிப்பொறி புதிதாக வரைவதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு மழுங்குவதில்லை. இதனையே வெக்டர் வரைகலை என்கிறோம்.

இத்துறையின் முன்னோடி ஐவன் சதர்லாண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அவர், 1963ஆம் ஆண்டு 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலைத் தம் ஆய்வேடாக அளித்தார். ஒளிப்பேனாவைத் திரையில் நகர்த்தினால் டி.எக்ஸ்-2 கணிப்பொறி கோடு வரையும். அதில் மற்றொரு புதுமையும் இருந்தது. ஒரு மூலப்படத்தை ஒருமுறை வரைந்துவிட்டு, அதன் பிரதிகளைப் பல இடங்களில் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் அனைத்தும் தாமே திருந்தும். ஒரு படம் தன் உறுப்பை வேறோரிடத்திலிருந்து பெறலாம் என்னும் கருத்து அன்றே இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இனி இணையத்துக்கு வருவோம். தொடக்க காலத்தில் எழுத்தின் நிறம், அளவு முதலியவற்றை ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் எழுத வேண்டியிருந்தது. நூறு பக்கங்களில் தலைப்பின் நிறத்தை மாற்ற வேண்டுமானால், நூறு பக்கங்களையும் திருத்த வேண்டும். நார்வே நாட்டவரான ஹோகோன் வியம் லீ, 1994 அக்டோபரில் இதற்கு ஒரு வழி சொன்னார். செய்தி ஓரிடத்தில் இருக்கட்டும். அதன் தோற்றத்துக்கான விதிகள் தனித் தாளில் இருக்கட்டும் என்றார். அத்தாளே 'ஸ்டைல் ஷீட்'. பின்னர் பெர்ட் போஸ் என்பவரும் அவருடன் சேர்ந்து உழைத்தார். 1996 டிசம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதனை சி.எஸ்.எஸ். என்ற பெயரில் தன் பரிந்துரையாக வெளியிட்டது.

இணையத்தில் வெக்டர் படம் வரைவதற்குப் பொதுவான மொழி எது? 1998இல் அடோபி முதலிய நிறுவனங்கள் ஒரு மொழியையும், மைக்ரோசாப்ட் முதலியவை வேறொன்றையும் முன்வைத்தன. சேர்த்தியம் இரண்டில் ஒன்றை அப்படியே ஏற்காமல் புதியதொரு மொழியை உருவாக்கத் தொடங்கியது. 2001 செப்டம்பரில் வெளியான அம்மொழியே எஸ்.வி.ஜி.

எஸ்.வி.ஜி. படத்திலுள்ள வட்டத்தின் நிறம், கோட்டின் தடிப்பு, ஓர் உறுப்பு தெரிய வேண்டுமா மறைய வேண்டுமா என்பன போன்றவற்றை ஸ்டைல் ஷீட்டால் ஆளலாம். அப்படத்துக்குள் ஒரு புகைப்படத்தையும் வைக்கலாம். அப்புகைப்படம் எங்கே இருக்கிறது என்னும் முகவரியை 'எச்ரெஃப்' என்ற பண்புக்கூறில் எழுதுவர். அந்த முகவரியையும் ஸ்டைல் ஷீட்டாலேயே மாற்ற முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது.

ஏன் இந்தத் தடை? ஒரு வெள்ள வரைபடத்தை எண்ணிப் பாருங்கள். செயற்கைக்கோள் எடுத்த புகைப்படத்தின் மேல், நீர் சூழ்ந்த பகுதிகளைக் கோடிட்டுக் காட்டியிருக்கிறார்கள். கோட்டைச் சிவப்பிலிருந்து நீலமாக்கினால் தோற்றம்தான் மாறும். அடியிலுள்ள புகைப்படத்தை எடுத்துவிட்டுச் சென்ற மாதப் படத்தை வைத்தால் செய்தியே மாறிவிடும். மேலும், பார்வையற்ற ஒருவருக்குப் படத்தின் விளக்கத்தைக் கணிப்பொறி படித்துச் சொல்லும்போது, அவ்விளக்கம் ஆவணத்திலிருந்துதான் வருகிறது. படத்தை மட்டும் வேறொரு தாள் மாற்றிவிட்டால் அவர் கேட்பது ஒன்று, மற்றவர் காண்பது வேறொன்று!

ஆயினும் தேவை ஒன்று இருந்தது. கைப்பேசியின் சிறிய திரைக்குச் சிறிய கோப்பு, பெரிய திரைக்குப் பெரிய கோப்பு வேண்டும். திரையின் அகலத்தை அறிந்து விதிகளை மாற்றும் வசதி 2012இல் ஸ்டைல் ஷீட்டுக்கான பரிந்துரையாயிற்று. அதைக்கொண்டு சிலர் இரண்டு படங்களையும் வைத்து ஒன்றை மறைத்தார்கள். மறைத்த படத்தையும் உலாவி இறக்கிவிடக் கூடும். கண்ணுக்குத் தெரியாத படத்துக்கும் வாசகர் காசு கொடுக்க வேண்டும்!

2014இல் உலாவிகளில் இடம்பெறத் தொடங்கிய 'பிக்சர்' என்னும் உறுப்பு இணையப் பக்கங்களுக்கு வேறு வழி காட்டியது. எந்த அகலத்துக்கு எந்தக் கோப்பு என்பதை ஆவணத்திலேயே எழுதிவிடலாம். உலாவி ஒன்றை மட்டும் தேர்ந்து இறக்கும். முகவரி ஆவணத்தை விட்டு நகரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எஸ்.வி.ஜி.யின் அடுத்த பதிப்பு 2016இல் பரிந்துரைக்கான வரைவு நிலையை எட்டியது. முன்பு ஆவணத்துக்கே உரியனவாக இருந்த வட்டத்தின் ஆரம், படத்தின் அகலம், உயரம் ஆகியவற்றை அது ஸ்டைல் ஷீட்டின் ஆளுகைக்குத் தந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, ஆனால் 'எச்ரெஃப்' இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை மாற்ற விரும்புவோர் ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல்மொழியின் துணையை நாடுகின்றனர்.

நீங்கள் ஒரு படத்தை அமைக்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்டைல் ஷீட்டை முழுவதும் நீக்கிவிடுங்கள். படம் அழகிழந்து நிற்கலாம், அதனால் தவறில்லை. ஆனால் அது சொல்ல வந்த செய்தி அப்போதும் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால், ஆவணத்தில் இருக்கவேண்டிய ஏதோ ஒன்றை நீங்கள் தோற்றத்தின் தாளில் எழுதிவிட்டீர்கள்.