வட்டுப் பழுது கண்டறிதல் (வீட்டுச் சேமிப்பக சர்வர்)

வீட்டுச் சேமிப்பக சர்வரில் ஒரு ஹார்ட் டிஸ்க் ரெய்டு தொகுப்பிலிருந்து விலகியதும், டிஸ்க் கெட்டுவிட்டது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. டிஸ்க், சாட்டா கேபிள், கன்ட்ரோலர், பவர் சப்ளை என எதில் பழுது நேர்ந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி பெரும்பாலும் ஒன்றே. பிரித்தறிய உதவுபவை, டிஸ்க் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகள். 5, 197, 198 ஆகிய எண்களுக்குரிய மூல மதிப்புகள் ஏறிக்கொண்டே போனால் செக்டர்கள் கெடுகின்றன. டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான். 199 மட்டும் ஏறினால் முதலில் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். தரவு போகும் வழியில் சிதைவதைத்தான் அந்த எண் கணக்கிடுகிறது. புதுக் கேபிள் போட்ட பிறகும் அது பூஜ்யத்துக்குத் திரும்பாது. மேலும் ஏறாமல் நின்றால் போதும்.

ஸ்மார்ட்டை எவ்வளவு நம்பலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. கூகுள் ஆய்வாளர்கள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, செயலிழந்தவற்றில் 56 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை நான்கு முக்கிய ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதே ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை தோன்றாததைவிட 39 மடங்கு. ஆகவே எச்சரிக்கை வந்தால் நம்ப வேண்டும்; வராததை நலத்தின் சான்றாகக் கொள்ளக் கூடாது. டிஸ்க்கை மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. புது டிஸ்க்கைப் போட்டு ரெய்டு 5 தொகுப்பை மறுகட்டமைக்கும்போது எஞ்சிய டிஸ்க்குகள் எல்லாம் பல மணிநேரம் இடைவிடாமல் படிக்கப்படுகின்றன. அந்நேரம் இன்னொன்றும் விலகினால் தொகுப்பே செயலிழக்கும். எனவே எதையும் கழற்றுமுன் தரவை வேறோரிடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.