சோனார்பூர்

சோனார்பூர் கொல்கத்தாவுக்குத் தெற்கே, சியால்தா நிலையத்திலிருந்து 17 கி.மீ. தொலைவில் உள்ள புறநகர். தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் ராஜ்பூர்-சோனார்பூர் நகராட்சிக்கு உட்பட்டது. 2001-ல் சுமார் 3.36 லட்சமாக இருந்த நகராட்சியின் மக்கள்தொகை 2011-ல் 4.24 லட்சத்தைத் தாண்டியது. சொல்லிக்கொள்ளும்படியான பெரிய ஆலை எதுவும் இல்லாத இந்த ஊர் வளர்ந்ததெல்லாம் லோக்கல் ரயிலால்தான்.

ஆனால் ரயில் இந்த ஊருக்காக வரவில்லை. ஹூக்ளி ஆறு மண்மேடிட்டுவிடுமோ என்ற அச்சத்தில் ஆங்கிலேயர் மாத்லா ஆற்றங்கரையில் கேனிங் என்ற மாற்றுத் துறைமுகத்தைக் கட்டினார்கள். 1862-63-ல் அதற்குப் பாதை போட்டார்கள். 1867 புயலுக்குப் பின் துறைமுகம் தலையெடுக்கவேயில்லை. பாதை மட்டும் எஞ்சியது. அதனால் முதலில் பயன்பெற்றவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்துப் படித்தவர்கள். கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரிப் பேராசிரியர் துவாரகாநாத் வித்யாபூஷண், 1858-ல் தொடங்கிய தம் ‘சோம்பிரகாஷ்’ இதழை, ரயில் வந்த கையோடு சொந்த ஊரான சாங்ரிபோதாவுக்கு மாற்றிக்கொண்டார். அதே ஊர் ரயில் நிலையத்தில் 1907 டிசம்பரில் நடந்த அரசியல் கொள்ளையில் முன்னின்ற இளைஞர் நரேந்திரநாத் பட்டாச்சார்யா, பின்னாளில் எம்.என்.ராய் என்று உலகம் அறிந்தவர். நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பூர்விக வீடும் அருகில் கோதாலியாவில்தான் இருக்கிறது. அதனாலேயே சாங்ரிபோதா நிலையம் இப்போது சுபாஷ்கிராம்.

இவ்வளவு இருந்தும் ஊர் பெருகாததற்குக் காரணம் தண்ணீர். வித்யாதரி ஆறு தூர்ந்துபோனதால் வடிகால் இல்லாமல் சுற்றுவட்டாரம் முழுக்கச் சதுப்பாகிக் கிடந்தது. விடுதலைக்குப் பின் வந்த சோனார்பூர்-ஆரபாஞ்ச் வடிகால் திட்டம், உத்தர்பாக் பம்பு நிலையத்தின் வழியே நீரைப் பியாலி ஆற்றுக்கு இறைத்து நிலத்தை மீட்டது. அதே காலத்தில் கிழக்கு வங்காளத்து அகதிகள் ஜாதவ்பூர் தொடங்கி ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்புகளை எழுப்பினார்கள். ரித்விக் கட்டக்கின் ‘மேகே தாகா தாரா’ (1960) படத்தில் அடிக்கடி குறுக்கே ரயில் ஓடுவது வெறும் அலங்காரமில்லை. அந்தக் குடியிருப்புகளின் அன்றாடமே அதுதான். சென்னைக் கடற்கரை-தாம்பரம் தடத்தில் 1931-லேயே ஓடிய மின்ரயில், சியால்தா தெற்குத் தடத்துக்கு 1960களில்தான் வந்தது. அதன் பிறகு நிலத்தின் விலையை நிர்ணயித்தது நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்பதே.

சோனார்பூர் ஒரு சந்திப்பு. ஒரு கிளை கேனிங்குக்கும், மற்றொன்று பாருய்பூர் வழியாக டயமண்ட் ஹார்பருக்கும் நாம்கானாவுக்கும் பிரிகிறது. இதனால் வரும் தொல்லை என்னவென்றால், ரயில் இங்கே வரும்போதே நிரம்பி வழியும். விடிகாலை கேனிங் வண்டிகளில் வருபவர்களில் பெரும்பாலோர், ஜாதவ்பூர், டாக்குரியா, பாலிகஞ்சு வீடுகளில் சமைத்துப் பாத்திரம் துலக்கப் போகும் பெண்கள். தெற்குக் கொல்கத்தாவின் அடுப்புகள் எரிவது அவர்களால் என்றால் மிகையில்லை. வியாபாரிகளுக்கான வெண்டர் பெட்டியில் பாருய்பூர்க் கொய்யாக் கூடைகளும் மீன் தட்டுகளும் ஏறும். எட்டு மணிக்கு மேல் அலுவலகக்காரர்களின் முறை. மூன்று பேர் அமரும் இருக்கையில் நான்காவது ஆள் ஓரமாக ஒண்டிக்கொள்வதும், நிற்பவர் “எங்கே இறங்குவீர்கள்?” என்று கேட்டு, இறங்கப்போகிறவரின் இடத்துக்கு உரிமை சொல்லிக்கொள்வதும் எழுதப்படாத சட்டம். சீட்டாடுபவர்கள் நாள்தோறும் ஒரே பெட்டியில்தான் ஏறுவார்கள். கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் நவம்பர் வரையிலும், 2021 மே முதல் அக்டோபர் இறுதி வரையிலும் பொதுமக்களுக்கான லோக்கல் நின்றது. வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கும் கூடை வியாபாரிகளுக்கும் அது பிழைப்பே நின்றதுபோல.

மெட்ரோ 2009-ல் கரியாவுக்கும் 2010-ல் நியூ கரியா அருகே கவி சுபாஷுக்கும் வந்தது. அடுக்குமாடிகள் அதற்குப் பிறகு வேகமெடுத்தன. குளங்கள் சுருங்கின. ஐந்து காட்டா (நம் கணக்கில் ஒன்றரை கிரவுண்டு) அல்லது அதற்கு மேற்பட்ட நீர்நிலையைத் தூர்ப்பதை மாநில உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது, ஆனாலும் தூர்க்கிறார்கள். சதுப்பை வடித்துக் குடியேறிய ஊர் மழைக்காலத்தில் மறுபடி முழங்கால் நீரில் நிற்பதற்கு வானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கவி சுபாஷ் நிலையமும் தூண்களில் விரிசல் கண்டு 2025 ஜூலையில் மூடப்பட்டது.

கோதாலியாவில் நேதாஜி வீட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் காலையில் சியால்தாவில் ஏறிச் சுபாஷ்கிராமில் இறங்கலாம். அந்த நேரத்துக் கூட்டம் எதிர்த்திசையில்தான் இருக்கும். மாலை ஐந்துக்குள் திரும்பிவிடுவது நல்லது.