குடல் நிர்ப்பீடனம்: வேலூர் ஆய்வுகளின் வரலாறு

குடலின் சளிச்சவ்வு ஒரே வேளையில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. உணவையும் அங்கு குடியிருக்கும் பற்றீரியாக்களையும் பகையாக்காமல் பொறுத்துக்கொள்கிறது. அதே வழியாக வரும் நோய்க்கிருமியை மறிக்கிறது. கடற்கரையில் வளரும் பிள்ளை உண்ணும் மீனும் உடலுக்கு அயலான புரதமே. அதைக் குடல் ஏற்கப் பழகாவிட்டால் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் அழற்சியில் முடியும். முட்டைப் புரதத்தை முன்பே தின்ற கினிப்பன்றிகளுக்கு அதை ஊசியில் ஏற்றினாலும் ஒவ்வாமை அதிர்ச்சி வருவதில்லை என்று 1911இல் ஆய்வாளர் வெல்ஸ் காட்டினார். இப்பொறுதியைக் காக்கும் சீராக்கி T கலங்களை 1995இல் ஷிமோன் சாகாகுச்சி இனங்கண்டார். 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மறிக்கும் வேலை இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதைத் தெளிவாகக் காட்டிய ஊர்களில் வேலூர் முதன்மையானது. குடலில் பெருகி அங்கேயே பிறபொருளெதிரிகளைத் தூண்டுவதற்காக உருவாக்கப்பட்டது போலியோச் சொட்டு மருந்து. மேலைநாடுகளில் மூன்று தவணை போதுமானதாக இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தி. ஜேக்கப் ஜான் 1972இல் வெளியிட்ட ஆய்வில், அதே மூன்று தவணை பெற்ற பல குழந்தைகளின் குருதியில் போதிய பிறபொருளெதிரிகள் இல்லை. மருந்தைக் குறைசொல்வது எளிது. அவரோ குழந்தையின் குடலை நோக்கிக் கேள்வியைத் திருப்பினார். இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க செயல் அதுவே. தவணைகளைக் கூட்ட வேண்டும் என்றும் வாதாடினார். பல சுற்றுச் சொட்டு மருந்துக்குப் பின், இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில் பதிவானார்.

அதே கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும் நலமாயிருந்த தென்னிந்தியர்களின் சிறுகுடலைத் திசுச்சோதனை செய்திருந்தார்கள். சடைமுளைகள் குட்டையாகவும், சவ்வில் அழற்சிக் கலங்கள் மிகுந்தும் காணப்பட்டன. அசுத்த நீரிலும் ஓயாத தொற்றிலும் வளரும் குடலின் நிலை இது. வாய்வழி மருந்துகள் இங்கே தளர்வதற்கு இதுவே காரணம் என்ற எண்ணம் வலுத்தது.

குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் தரும் ரோட்டா வைரசு, குடலைப் பற்றிய அக்கேள்வியை மேலும் கூர்மையாக்கியது. மெக்சிக்கோவில் இருமுறை தொற்றிய குழந்தைகளுக்குக் கடும் வயிற்றோட்டம் வரவில்லை. வேலூரின் சேரிகளில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வில் (2011), மும்முறை தொற்றிய பின்னும் அப்பாதுகாப்பு 79 விழுக்காடுதான். மருந்து மட்டுமல்ல, இயற்கைத் தொற்றே அங்கு குறைவாகக் கற்பித்தது.

அழற்சியைக் குறைத்தால் மருந்து வேலை செய்யுமா? வேலூரில் 6 முதல் 11 மாதக் குழந்தைகள் 754 பேரைக் கொண்ட சோதனையில் ஒரு பகுதியினருக்கு அசித்ரோமைசின் கொடுத்தார்கள். 2016இல் வந்த முடிவின்படி நோய்ப் பற்றீரியாக்களும் குடலழற்சிக் குறிகளும் குறைந்தன; போலியோச் சொட்டு மருந்துக்கான எதிர்வினை உயரவில்லை. நெடுநாள் நம்பிய விளக்கத்தை இது பலவீனப்படுத்தியது.

விடையின் ஒரு பகுதி ஊசியில் கிடைத்தது. ஊசிவழிப் போலியோ மருந்து தனியாகக் குடலைக் குறைவாகவே காக்கும். ஆனால் ஏற்கெனவே சொட்டு மருந்து பெற்ற பிள்ளைகளுக்கு வேலூரில் ஒரு தவணை ஊசி போட்டபோது, மலத்தில் வைரசு வெளியேறுவது குறைந்ததென 2014இல் அறிவிக்கப்பட்டது. 2015 நவம்பரில் இந்தியா அந்த ஊசியை வழக்கமான தடுப்பு மருந்துகளோடு சேர்த்தது.