சேலத்தில் கடை மூடிய நாளும், அதற்கு மூன்றாம் நாளும்

கடையில சோப்பு வாங்கினா பில்லுல வரி போடுறாங்க இல்லையா, அந்த வரியோட பூர்வீகம் ஒரு சாராயக்கடை. விளையாட்டுக்குச் சொல்லலை. கொஞ்சம் நீளமான த்ரெட். டீ வெச்சுக்கிட்டு உட்காருங்க.

1937-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. ராஜாஜி பிரதமர். அப்போ மாகாண முதலமைச்சரை அப்படித்தான் கூப்பிட்டாங்க. அந்த வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சேலம் மாவட்டத்தில் இருந்த கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாத்தையும் ஒரே நாளில் மூடினார். அடுத்தடுத்து சித்தூர், கடப்பா, வட ஆற்காடு. அரசாங்கத்துக்கு அன்னைக்குப் பெரிய வருமானங்கள்ல ஒண்ணு இந்தக் கலால் வரி. கடையை மூடினா கஜானாவில் ஓட்டை விழும். அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டு வந்தார். இந்தியாவிலேயே பொதுவா எல்லாச் சரக்குக்கும் விற்பனை வரி போட்ட முதல் சட்டம் அதுதான்.

அதுக்கப்புறம் மதுவிலக்கு போச்சு, வந்துச்சு, மறுபடி போச்சு. வரி மட்டும் போகவே இல்லை. பேரு மாறி மாறி இன்னைக்கு ஜிஎஸ்டி வரைக்கும் வந்து நிக்குது. கடைக்குப் பதிலா வந்த வரியையும் கட்டுறோம், கடையும் திறந்திருக்கு.

ஏன் சேலத்தைத் தேர்ந்தெடுத்தார்? அது அவர் சொந்த மாவட்டம். 1925-லேயே திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சவர். அங்கிருந்து 1929-ல் மதுவிலக்குக்குன்னே 'விமோசனம்' என்ற மாத இதழ் நடத்தினார். உதவியாசிரியர் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம கல்கிதான். பொன்னியின் செல்வனுக்கு முன்னாடி அவர் கள்ளுக்கு எதிரா கதை எழுதிக்கிட்டு இருந்தார். அதுக்கும் முன்னாடி, 1921-ல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலை முன்னால நின்னு நடத்தினவங்க பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும். பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். பின்னாளில் எதிரெதிரா நின்ன ரெண்டு பேரும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் இருந்தாங்க என்பது எனக்கு எப்பவும் ஆச்சரியம்.

'வெள்ளைக்காரன் வந்துதான் நம்மளைக் குடிகாரன் ஆக்கினான்'னு ஒரு ஃபார்வர்டு சுத்திக்கிட்டே இருக்கும். அது சரியில்லை. அதியமான் இறந்தப்போ ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டில், அவன் தன்னோட கள்ளைப் பகிர்ந்துக்கிட்டதைச் சொல்லித்தான் அழறாங்க. ஒரு அரசனும் ஒரு பெண் புலவரும் சேர்ந்து கள் குடிச்சது அங்கே வெட்கமில்லை, பெருமை. அதே தமிழில்தான் வள்ளுவர் 'கள்ளுண்ணாமை'ன்னு ஒரு முழு அதிகாரம் வெச்சார். ரெண்டு குரலும் நம்மளோடதுதான்.

வெள்ளைக்காரன் செஞ்சது வேற. குடியைக் கணக்குப் புத்தகத்துக்குள்ள கொண்டு வந்தான். 1886-ல் சென்னை அப்காரிச் சட்டம். கடைக்கு ஏலம், இறக்குற மரத்துக்கு வரி, வீட்டுல காய்ச்சினா குற்றம், பெரிய ஆலையில் வடிச்சா தொழில். ஈ.ஐ.டி. பாரின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல 'டி' டிஸ்டிலரீஸ். அரசாங்கம் ஒரு தடவை இந்த வருமானத்துக்குப் பழகிட்டா விடுறது கஷ்டம். எங்க வார்டுல நாங்க பார்க்கிற அடிமைத்தனத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியலை. 2023-24-ல் மட்டும் டாஸ்மாக் மூலமா அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இரண்டாம் உலகப்போர் நடுவில் மதுவிலக்கு கைவிடப்பட்டு, ஓமந்தூரார் காலத்தில் 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுக்க வந்தது. அடுத்த 23 வருஷம் சட்டப்படி இங்கே குடி கிடையாது. நிஜத்தில்? வசதி இருக்கிறவர் உடல்நலக் காரணம் காட்டி, டாக்டர் சர்டிஃபிகேட்டோட 'பெர்மிட்' வாங்கிக் குடிக்கலாம். ஆமா, எங்க ஆளுங்கதான் கையெழுத்துப் போட்டது. வசதி இல்லாதவர் கள்ளச்சாராயம், 'ஜிஞ்சர்', வார்னிஷ். பிடிபட்டா ஜெயில். ஒரே பழக்கம்தான். ஒருத்தர் நோயாளி, இன்னொருத்தர் குற்றவாளி. குடிச்ச ஏழையை அருவருப்பாவும், குடிச்ச பணக்காரரை 'சோஷியல் டிரிங்கர்' ஆவும் பார்க்கிற நம்ம பார்வைக்கு அந்தக் காலமும் நல்லா உரம் போட்டிருக்குன்னு நினைக்கிறேன்.

வார்னிஷ் ஏன் கொல்லுதுன்னு சொல்லிடறேன். அதுல இருக்கிறது மெத்தனால். வாசனை, பார்வை, ஆரம்ப போதை எல்லாம் சாராயம் மாதிரியே இருக்கும். கல்லீரல் அதை உடைக்கும்போது ஃபார்மிக் அமிலம் உருவாகும். அது முதல்ல தாக்குறது கண் நரம்பை. பல மணி நேரம் கழிச்சு 'எல்லாம் பனிமூட்டமா தெரியுது'ன்னு வருவாங்க. இதுல ஒரு வேடிக்கை, முறிமருந்துகளில் ஒண்ணு சாதாரண எத்தனால், அதாவது குடிக்கிற ஆல்கஹால். கல்லீரல் அதை முதல்ல கவனிக்கப் போயிடும், மெத்தனால் உடையறது தள்ளிப்போகும், அந்த இடைவெளியில் டயாலிசிஸ் பண்ணி வெளியேத்துவோம். 2023 மே மாதம் மரக்காணம், 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி, ரெண்டுமே மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல போயிட்டாங்க. ரெண்டும் நடந்தது அரசுக் கடை திறந்திருக்கிற காலத்தில். 'கடை மூடினாதான் கள்ளச்சாராயம் வரும்' என்ற வாதம் குவார்ட்டருக்குக் காசு இல்லாதவரைக் கணக்கில் எடுக்கலை.

1971 ஆகஸ்ட் 30-ல் கலைஞர் மதுவிலக்கைத் தளர்த்தினார். 92 வயசு ராஜாஜி நேர்ல போய் வேண்டாம்னு கேட்டும் நடக்கலை. 1974-ல் அவரே மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 1987-ல் கள்ளும் சாராயமும் தடை, 2003-ல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கிடம் கொடுத்தார், 2016-ல் 500 கடை மூடல், 2023-ல் இன்னொரு 500. இடையில் 2015-ல், அதே சேலம் மாவட்டத்துக்காரர் சசிபெருமாள், கடையை மூடச் சொல்லி செல்ஃபோன் டவர் மேல ஏறிப் போராடி உயிரை விட்டார். திற, மூடு, திற, மூடு. 1937-லிருந்து நம்ம சண்டை முழுக்க ஷட்டரைப் பத்திதான்.

தப்பா எடுத்துக்காதீங்க, கடை குறைஞ்சா, விலை ஏறினா, குடி குறையும். உலகம் முழுக்கப் பார்த்த விஷயம், நான் அதுக்கு எதிரி இல்லை. என் கேள்வி வேற. ஷட்டர் மூடின மறுநாள் காலையில, 15 வருஷமா தினமும் குடிச்ச ஒருத்தர் உடம்புக்குள்ள என்ன நடக்கும்?

இதை நான் அடிக்கடி எலும்பு வார்டுல பார்க்கிறேன். பைக்கில் விழுந்து கால் உடைஞ்சு அட்மிட் ஆவார். முதல் நாள் லேசா கை நடுக்கம், வேர்வை, தூக்கமில்லை. ரெண்டாம் நாள் ஒரு வலிப்பு வரலாம். மூணாம் நாள் ராத்திரி கட்டில்ல எறும்பு ஊருதும்பார், செத்துப்போன அப்பா வாசல்ல நிக்கிறார்னு பேசுவார், ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிவார். வீட்டுல காத்துக்கருப்புன்னு விபூதி பூசுவாங்க. இதுக்குப் பேர் டெலிரியம் ட்ரெமன்ஸ். 1813-ல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் வெச்ச பேரு. ஆல்கஹால் மூளையை அமுக்கி வைக்கும். வருஷக்கணக்கா அமுக்கினா, மூளை அதை எதிர்த்துத் தன் வேகத்தைக் கூட்டி வெச்சுக்கும். திடீர்னு அமுக்கின கையை எடுத்தா ஸ்பிரிங் மாதிரி எகிறும். அதுதான் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் எல்லாம். சரியான சிகிச்சை இல்லாத காலத்துல இந்த நிலைக்குப் போனவங்கள்ல மூணுல ஒருத்தர் வரைக்கும் இறந்தாங்க. இன்னைக்கு சரியா பார்த்தா நூத்துக்கு அஞ்சு பேருக்கும் கீழ.

1937 அக்டோபர் 3-ந் தேதி ஒரு சேலம் டாக்டர்கிட்ட இப்படி ஒருத்தரைக் கொண்டு போயிருந்தா அவர் கையில என்ன இருந்திருக்கும்? பாரால்டிஹைடு, புரோமைடு, கட்டிப்போட ஒரு துணி. நாங்க இன்னைக்கு முதல்ல போடுற தயமின், அதாவது வைட்டமின் பி1, ஆய்வகத்தில் செயற்கையா தயாரானதே 1936-ல்தான். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கிற லிப்ரியம் சந்தைக்கு வந்தது 1960. ராஜாஜியைக் குறை சொல்ல முடியாது, மருந்தே இல்லை.

நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஆனாலும் 2020 மார்ச்ல ஊரடங்கு வந்தப்போ என்ன செஞ்சோம்? ஒரே நாளில் கடை எல்லாம் மூடினோம், மே 7 வரைக்கும். அந்த இடைவெளியில் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் ஷேவிங் லோஷனைக் குடிச்சுச் செத்தவங்க உண்டு. பக்கத்துல கேரளாவில் டாக்டர் சீட்டு இருந்தா மது தரலாம்னு அரசே உத்தரவு போட்டது. டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது, ஏப்ரல் 2-ல் உயர் நீதிமன்றம் தடை விதிச்சது. எதிர்த்தது சரிதான். இதுக்கு மருந்து மாத்திரைதான், குவார்ட்டர் இல்லை. பழைய பெர்மிட் கதைதான் திரும்ப வந்தது.

குடியை நோயாப் பார்த்து இங்கே கதவைத் திறந்தவங்கள்ல முக்கியமானவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர், 1980-ல் சென்னையில டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையை ஆரம்பிச்சார். அந்த வருஷத்தைக் கவனிங்க. அப்போ தமிழ்நாட்டில் மதுவிலக்கு அமலில் இருந்தது.

இப்போ உங்க வீட்டு விஷயம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். கணக்குப் போட்டா சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். அதே 180 மில்லி கள்ளுன்னா ஏழு கிராம் அளவுதான். 'எங்க தாத்தா தினமும் கள்ளு குடிச்சு 90 வயசு இருந்தார்'னு சொல்றவங்க இதை யோசிங்க. தாத்தா குடிச்சதும் பேரன் குடிக்கிறதும் ஒண்ணில்லை.

எப்பவாவது குடிக்கிறவர் இன்னைக்கே நிறுத்தலாம், ஒண்ணும் ஆகாது. காலையில எழுந்ததும் கை நடுங்கி, குடிச்சாதான் நடுக்கம் நிக்குதுன்னா அவர் தானா வீட்டுல நிறுத்தக் கூடாது. முன்னாடி நிறுத்தினப்போ வலிப்பு வந்திருந்தா கண்டிப்பா கூடாது.

கார்த்திகை மாசம் மாலை போடுறதைப் பார்க்கும்போது எனக்கு ரெண்டு மனசு. 'சாமி மாலை போட்டிருக்கு'ன்னா எந்த நண்பனும் ஊத்திக் கொடுக்க மாட்டான். வேண்டாம்னு சொல்றதுக்கு நம்ம சமூகம் கண்டுபிடிச்ச ரொம்ப மரியாதையான வழி அது. ஆனா தினமும் ரெண்டு குவார்ட்டர் போடுறவர் ராத்திரி கடைசி கிளாஸைக் கவுத்துட்டு விடிகாலையில மாலை போட்டா, மூணாம் நாள் அவர் எங்ககிட்ட வரலாம். மாலைக்குப் பத்து நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு வந்து மாத்திரையோட நிறுத்திட்டு அப்புறம் போடுங்க சாமி.

அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் ஒண்ணு. 'தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுங்க, குடியை மறந்துடுவார்'னு விற்கிற பொடியை வாங்காதீங்க. அதுல டைசல்ஃபிராம் இருக்கலாம். டென்மார்க்கில் 1940-களில் குடற்புழுவுக்கு மருந்து தேடினப்போ குடிக்கு எதிரா வேலை செய்யும்னு தெரிய வந்த மருந்து அது. அதைச் சாப்பிட்டவர் தெரியாம குடிச்சா முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி உயிரே போகலாம். அவர் சம்மதத்தோட, டாக்டர் பார்வையில கொடுக்க வேண்டியது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை எதுவா இருந்தாலும் மனநல ஓ.பி.க்குப் போங்க. சிகிச்சை இலவசம். போறதுக்கு முன்னாடி பேசணும்னா 14416. பக்கத்து கிளினிக்குல 'ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க'ன்னு மட்டும் கேட்காதீங்க. தயமின் போடாம வெறும் குளுக்கோஸ் ஏத்தினா நினைவாற்றல் நிரந்தரமா பாதிக்கப்படலாம். அப்புறம் எதுக்கு அட்மிட் ஆனாலும், கால் உடைஞ்சதோ, அப்பெண்டிக்ஸோ, 'குடிப்பாரா?'ன்னு நாங்க கேட்டா மாமியார் பக்கத்துல நிக்கிறாங்களேன்னு 'இல்லை'ன்னு சொல்லாதீங்க. தனியா கூப்பிட்டாவது சொல்லிடுங்க: எவ்வளவு, எத்தனை வருஷமா, கடைசியா எந்த நாள், எத்தனை மணிக்கு. அந்த மணியிலிருந்துதான் நாங்க எண்ண ஆரம்பிப்போம்.