பழைய கன்வெர்ட்டிபிள் காருக்குள் தண்ணீர் வருதா? கூரையை மாற்றும் முன் இதைப் படிங்க

பிற்பகலில் கொட்டித் தீர்த்த மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. காரை எடுக்கப் போகிறீர்கள். கதவைத் திறந்ததும் ஈரத் துணியை நாள்கணக்கில் மூடி வைத்தது போன்ற வாடை. காலை வைத்தால் கார்ப்பெட் 'சளக்' என்கிறது.

உங்களுடையது கூரையைத் திறந்து மூடும் கன்வெர்ட்டிபிள் என்றால் மனத்தில் முதலில் வருவது: "கூரை போச்சு!"

பட்டறைக்குப் போனாலும் பேச்சு அங்கேதான் தொடங்கும். எந்தத் துணி, என்ன நிறம், எவ்வளவு ஆகும்...

கொஞ்சம் பொறுங்க. பல நேரம் தவறு கூரையில் இல்லை. விரல் தடிமனுள்ள ஒரு வடிகால் துளை இலை தழையால் அடைபட்டிருக்கும், அவ்வளவுதான். அதைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. அதைக் கவனிக்காமல் விட்டால் புதுக் கூரை போட்ட பிறகும் கார் நனையும். அதோடு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும்.

தண்ணீர் உள்ளே வருவது இயல்பா?

ஓரளவுக்கு, ஆமாம்! சாதாரணக் காரின் கூரை ஒரே உலோகத் தகடு. மழை அதன்மேல் விழுந்து வழிந்தோடிவிடும். கன்வெர்ட்டிபிள் காரில் கூரை மடங்க வேண்டும். அதனால் கூரையும் காரின் உடலும் சேரும் இடத்தில் தண்ணீர் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதைத் தடுப்பதைவிட, பத்திரமாகப் பிடித்து வெளியே அனுப்பும்படிதான் பல கார்களை வடிவமைத்திருக்கிறார்கள்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். 1989இல் அறிமுகமானது. உலகில் ஆக அதிகமாக விற்பனையான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் பட்டியலில் இடம்பெற்றது. 2016இல் ஒரு மில்லியனாவது கார் தயாரானது. அதன் முதல் இரண்டு தலைமுறைகள் 2005 வரை வந்தன. இன்று 'பழைய கன்வெர்ட்டிபிள்' என்று பேசினால் பலருக்கும் நினைவுக்கு வருவது அவைதான்.

அந்தக் காரில் துணிக் கூரையின் பின்முனைக்கு உள்பக்கமாக ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் ஓடுகிறது. 'ரெயின் ரெயில்' என்பார்கள். கூரையில் விழும் மழை வழிந்து அதில் சேரும். அது இரண்டு பக்கமும் பிரிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் சீட் பெல்ட் தூண் அருகே இருக்கும் துளைகளில் இறங்கும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. அங்கிருந்து ஒரு குழாய் வழியே பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், காரின் அடியில் போய் விழும்.

வீட்டுக்கூரையில் ஓடும் தகரத் தாழ்வாரம் நினைவிருக்கா? அதே கதைதான். தாழ்வாரத்தில் இலை அடைத்தால் தண்ணீர் சுவரில் இறங்கும். இங்கே காருக்குள் இறங்கும்.

சிங்கப்பூரில் இது சீக்கிரமே அடைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. திறந்தவெளிக் கார் நிறுத்துமிடங்களில் நிழலுக்கு நிற்பவை பெரும்பாலும் மழைமரமும் அங்சானாவும். மழைமரத்தின் குட்டி இலைகளும் அங்சானாவின் மஞ்சள் பூக்களும் எந்த இடுக்கிலும் நுழையும். தூசியோடு சேர்ந்து ஊறினால் சேறு மாதிரி ஆகிவிடும். ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் அந்தச் சேறு சும்மா இருக்காது.

துளை அடைபட்டால் தண்ணீர் நிரம்பி வழியும். ஒரு பங்கு இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கார்ப்பெட்டுக்குப் போகும். இன்னொரு பங்கு 'சில்' எனப்படும் பகுதிக்குள் போகும். கதவுக்குக் கீழே, காரின் நீளவாக்கில் பெட்டிபோல் ஓடும் இரும்புப் பகுதி அது.

உண்மையான ஆபத்து அங்கேதான். கன்வெர்ட்டிபிள் காருக்கு மேலே உலோகக் கூரை இல்லாததால் அதன் உறுதியில் பெரும்பங்கைத் தாங்குவதே இந்தச் சில்தான். அது உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். வெளியில் சாயம் குமிழ் விட்டு நீங்கள் பார்க்கும் நாளில் உள்ளே பாதி போயிருக்கும். கார்ப்பெட் நனைவது தொல்லை. சில் போனால் அது பாதுகாப்புப் பிரச்சினை.

வடிகாலை எப்படிச் சோதிப்பது?

ஐந்து நிமிட வேலை. கூரையைப் பாதி திறந்து, இருக்கைக்குப் பின்னால் மூலையில் துளை எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்க. அரை லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்க. அந்தப் பக்கத்துப் பின்சக்கரத்துக்கு முன்னால் தண்ணீர் உடனே தரையில் விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. வரவே இல்லை என்றால் ஊற்றுவதை நிறுத்துங்க. தண்ணீர் எங்கே போகுது என்று இப்போது தெரிந்திருக்கும்!

முதலில் மேலே கிடக்கும் குப்பையைக் கையால் எடுக்கவும். பிறகு வளையக்கூடிய நைலான் கயிற்றையோ மெல்லிய குழாய்த் தூரிகையையோ பொறுமையாக உள்ளே விட்டு எடுக்கவும். கூர்மையான கம்பி வேண்டாம், குழாய் கிழியும். காற்றை வேகமாக அடிப்பதும் வேண்டாம். பழைய குழாய் இணைப்பிலிருந்து கழன்றால், அடுத்த மழைக்குத் தண்ணீர் நேராகக் காருக்குள்தான் வரும்.

திறந்தவெளியில் நிறுத்துபவர் என்றால் மாதம் ஒரு முறை இதைச் செய்வது நல்லது.

வடிகால் சரி. இன்னும் ஈரமா?

இப்போது துப்பறியும் வேலை. எந்த இடம் நனைகிறது என்பதுதான் முதல் தடயம்.

முன்பக்கம், பயணி கால் வைக்கும் இடத்தில் மட்டும் ஈரமா? மழை பெய்யாத நாளிலும் ஈரமா? அப்படியென்றால் அது மழைத் தண்ணீரே இல்லாமல் இருக்கலாம். குளிர்சாதனத்தில் சேரும் நீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே சொட்ட வேண்டும். அது அடைத்தால் உள்ளே சொட்டும். நம் ஊரில் ஏர்கான் இல்லாமல் யாரும் ஓட்டுவதில்லை என்பதால் இது அடிக்கடி நடக்கும். கூரையைக் குறை சொல்லும் முன் இதைப் பார்த்துவிடுங்க. ஏர்கான் போட்டு ஓட்டி நிறுத்திய பிறகு காருக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் சந்தேகப்படலாம். ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது எஞ்சின் குளிர்விக்கும் திரவம். அது தனிக் கதை, நேராகப் பட்டறைக்குப் போங்க.

கதவோரம் மட்டும் ஈரமா? கண்ணாடி வழியே கதவுக்குள் தண்ணீர் இறங்குவது எல்லாக் காரிலும் இயல்பு. கதவின் அடியில் அது வெளியேறத் துளைகள் உண்டு. உள்பக்கத்தில், கதவுப் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுக்கிறது. ஒலிபெருக்கி மாற்றியவர் யாராவது அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருப்பார்!

தோளிலோ தொடையிலோ சொட்டுகிறதா? கூரையும் கண்ணாடியும் சேரும் ரப்பர் பட்டையைப் பாருங்க. ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கண்ணாடியை மூடி, காகிதத்தை இழுக்கவும். இழுக்கும்போது பிடிமானம் இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இடைவெளி. ரப்பர் தேய்ந்திருக்கலாம், கண்ணாடியின் நிலை மாறியிருக்கலாம், கூரைக் கொக்கி தளர்ந்திருக்கலாம். கடைசி இரண்டுக்கும் புதுப் பாகம் தேவையில்லை, சரிப்படுத்தினால் போதும்.

பின்பெட்டியில் தண்ணீர் என்றால் பின்விளக்கைச் சுற்றியுள்ள பட்டை, வானொலி ஏரியல் நுழையும் துளை, மூடியின் ரப்பர் ஆகிய மூன்றையும் பார்க்கவும்.

இன்னும் பிடிபடலையா? ஒருவர் காருக்குள் டார்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் சாதாரணத் தண்ணீர்க் குழாயால், கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியாகச் சில நிமிடம் நனைக்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புரியாது. உயர் அழுத்தக் குழாய் கூடாது. நல்ல ரப்பர் பட்டையையும் அது தாண்டி உள்ளே போகும்.

கார்ப்பெட் காஞ்சிடுச்சு... நிஜமாவா?

எங்கள் குழுவில் ஒருவர் பழைய கன்வெர்ட்டிபிள் வைத்திருந்தார். மழைக்குப் பிறகு இரண்டு நாள் வெயிலில் நிறுத்தினார், கார்ப்பெட் தொட்டால் காய்ந்திருந்தது. ஆனால் வாடை மூன்று மாதம் போகவில்லை. வாசனைத் திரவியம் மட்டும் நாலு வாங்கினார். கடைசியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் இருந்த ஸ்பாஞ்ச் பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது.

மேலே தொடுவது கார்ப்பெட். தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் அடியில் இருக்கும் தடித்த ஸ்பாஞ்ச். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் தொடரும்போது அது தானாகக் காயவே காயாது. இருக்கையைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்பாஞ்சைத் தனியாகக் காய வைக்க வேண்டும். முடியாவிட்டால் காருக்குள் ஈரப்பதம் நீக்கும் கருவியை ஓடவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. பல கார்களில் இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற மின் இணைப்பு இருக்கும். அது காற்றுப் பை, சீட் பெல்ட் தொடர்பானது. பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்காமல் அதைத் தொடவே கூடாது. பழக்கமில்லை என்றால் இந்த வேலையை மட்டும் பட்டறையிடம் விட்டுவிடுங்க.

சரி, கூரையே பழுதென்றால்?

சின்னக் கிழிசலுக்கு உள்பக்கத்திலிருந்து ஒட்டுப்போடலாம். தையல் விட்டிருந்தால் மீண்டும் தைத்து, தையலுக்கான ஒட்டுப் பசை தடவலாம். துணி பழசாகித் தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்தால் நன்றாகக் கழுவிக் காய வைத்து, தண்ணீரைத் தள்ளும் திரவம் தெளிக்கலாம். ரப்பர் பட்டைகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ் போடுங்க. பெட்ரோலிய ஜெல்லி வேண்டாம், நாளடைவில் ரப்பர் ஊதிப்போகும். நனைந்த கூரையை மடித்து வைக்காதீங்க, நம் வெப்பத்துக்குப் பூஞ்சை பிடிக்கும்.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் பின்கண்ணாடி பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளாகி, மடிப்பில் வெடிக்கும். அது ஸிப்பில் இணைந்திருப்பதால் கூரையை விட்டுவிட்டு அதை மட்டும் மாற்ற வழி உண்டு.

துணி முழுக்க இற்றுப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது முன்னர் சொன்ன ரெயின் ரெயிலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்க. பழைய பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், கழற்றும்போதே உடையும். பிறகு மாற்றலாம் என்று விட்டால் அதே கூரையை மீண்டும் கழற்ற வேண்டும், அதே கூலியை மீண்டும் கொடுக்க வேண்டும்.

செலவு குறைவென்று ஜோகூர் பாருவுக்குப் போய் மாற்றுவோர் உண்டு. தப்பில்லை. ஆனால் புதுத் துணி சில வாரத்தில்தான் நிலைகொள்ளும். மறுபடி சரிப்படுத்த வேண்டிவரலாம். அந்த இரண்டாவது பயணத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்க.

பொத்தானை அழுத்தினால் திறக்கும் கூரை

இங்கேயும் வில்லன் தண்ணீர்தான். 2002இல் வந்த முதல் தலைமுறை பிஎம்டபிள்யூ இஸட்4 காரில் கூரையை இயக்கும் மோட்டார், கூரை மடங்கும் பகுதியின் அடியில் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. வடிகால் அடைத்தால் மோட்டார் குளத்தில் மூழ்கியதுபோல் ஆகிவிடும். அதனால் பழுதுபார்க்கும்போதே மோட்டாரைப் பின்பெட்டிக்கு இடம் மாற்றிவிடுவோர் உண்டு.

கூரை நகரவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்க. உலோகக் கூரை பின்பெட்டிக்குள் மடங்கும் கார் என்றால், உள்ளே இருக்கும் சாமான் தடுப்பு சரியாக மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்க. அது இல்லாவிட்டால் பல கார்கள் கூரையை அசையவிடாது. பாதியில் நின்ற கூரைக்குள் கையை விடவே கூடாது.

எவ்வளவு செலவழிக்கலாம்?

அது சிஓஇயைப் பொறுத்தது. 10 ஆண்டைத் தாண்டிய கார் என்றால், அது புதுப்பித்த சிஓஇயில் ஓடுகிறது. 5 ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தால் மீண்டும் புதுப்பிக்க முடியாது. அதில் ஒன்றரை ஆண்டுதான் மிச்சம் என்றால் புதுக் கூரை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒட்டுப்போட்டு, வடிகாலைச் சுத்தமாக வைத்து ஓட்டலாம். 10 ஆண்டுக்குப் புதுப்பித்து இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் கணக்கு வேறு. ஆனால் அப்போதும் முதல் செலவு கூரைக்கில்லை, சில்லுக்கு. 10 ஆண்டைக் கடந்த கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதையும் மறக்காதீங்க.

வாங்கப் போறீங்களா?

மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்க. விற்பவர் வாசனைத் திரவியம் நிறையத் தெளித்திருந்தால் காரணம் கேளுங்க. இருக்கைகளுக்குப் பின்னால் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி ஸ்பாஞ்சை அழுத்திப் பாருங்க. இருக்கைத் தண்டவாளத்தில் துரு இருக்கா? பின்சக்கரத்துக்கு முன்னால், சில்லின் அடிப்பகுதியில் சாயம் குமிழ் விட்டிருக்கா? அனுமதி கேட்டு வடிகாலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்க.

கடைசியாக, சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்க. யாரும் இழுத்துப் பார்க்காத அந்தக் கடைசி முழத்தில் தண்ணீர்க் கறையோ சேற்றுக் கோடோ இருந்தால், அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வாங்க.