பச்சை: புனே வட்டாரத்தில் ஒரு நிறம்

பச்சை, புனேயிலும் மகாராஷ்டிரத்தின் பிற பகுதிகளிலும் மங்கலத்தின் முதன்மையான நிறங்களுள் ஒன்று. மராத்தியில் இது 'ஹிர்வா'. மணப்பெண்ணின் வளையல், கர்ப்பிணியின் சேலை, அம்மனுக்கு வைக்கும் தாம்பூலத் தட்டு, பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகு ஆகியவற்றில் இந்நிறம் தவறாமல் இடம்பெறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே அமைந்த ஊர் புனே. மே மாதத்தில் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும் பர்வதி, வேதாள் டேக்டி குன்றுகள், ஜூன் மழை இறங்கிய சில வாரங்களிலேயே தளதளவென்று மாறிவிடும். மழைக்குக் காத்திருக்கும் நிலத்தில் பச்சைக்கு விளைச்சல், பிள்ளைப்பேறு, சுமங்கலித்தன்மை ஆகிய பொருள்கள் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

பாறையிலிருந்து சுவருக்கு

தக்காணத்தின் கருங்கல் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக வழிந்து உறைந்தது. உறையும்போது வாயுக் குமிழ்கள் விட்டுச்சென்ற பொந்துகளில் பிற்பாடு பல கனிமங்கள் படிகமாயின. புனே நகரின் பாஷாண் குன்றுக் கல்குவாரியில் கிடைத்த பச்சை அபோஃபிலைட் உலகெங்கும் கனிமச் சேகரிப்பாளர்கள் தேடும் பொருள். அதன் நிறத்துக்கு வனேடியமே காரணம் என்பதை ஜார்ஜ் ராஸ்மன் 1974இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்.

இதே பாறைக் குடும்பம் 'பச்சை மண்' எனப்படும் நிறமியையும் தருகிறது. 5ஆம் நூற்றாண்டில் அஜந்தா குகைகளில் தீட்டிய ஓவியர்கள் இலைகளுக்கும் ஆடைகளுக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். அவர்களது நீலத்துக்கு வேண்டிய லாபிஸ் லசூலி ஆப்கானிஸ்தானத்திலிருந்து வரவேண்டியிருந்தது. பச்சையோ காலடி நிலத்திலேயே கிடைத்தது. நச்சுத்தன்மையும் அதற்கில்லை. ஐரோப்பாவின் கதை வேறு: கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1775இல் உருவாக்கிய பளிச்சென்ற பச்சையில் ஆர்சனிக் இருந்தது. அது சுவர்த்தாள், துணி, செயற்கைப் பூ என்று 19ஆம் நூற்றாண்டு வீடுகளுக்குள் நுழைந்து பலரை நோயாளிகளாக்கியது.

சேலையும் வளையலும்

துணியில் பச்சையை ஏற்றுவது எளிதாக இருந்ததில்லை. இலையை அரைத்தால் வரும் பச்சை துணியில் நிலைக்காது. எனவே செயற்கைச் சாயங்கள் வரும்வரை சாயக்காரர்கள் நூலை அவுரியின் நீலத்தில் ஒருமுறையும் மஞ்சள் சாயமொன்றில் இன்னொருமுறையும் தோய்த்தே பச்சையைப் பெற்றார்கள். மகாராஷ்டிரத்தின் பெருமைக்குரிய பைத்தணிப் பட்டு, பைத்தணிலும் நாசிக் மாவட்டத்தின் யேவலாவிலும் நெய்யப்படுகிறது. அதன் கரையில் வரும் 'முனியா' கிளிக்கு இலைப்பச்சை உடலும் சிவந்த அலகும் மரபு. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறமாக நெய்தால் அசையும்போது பச்சை மாம்பழ நிறமாகவோ ஊதாவாகவோ மின்னும்.

இருந்தாலும் புனேயின் பச்சையைப் பார்க்கச் சரியான இடம் பட்டுக்கடையல்ல, துளசிபாக். பேஷ்வா காலத்து ராமர் கோவிலைச் சுற்றி வளர்ந்த இந்தச் சந்தையில் வளையல் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. திருமணத்துக்கு முன் மணப்பெண் கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல் அணிவிப்பது 'ஹிர்வா சூடா' சடங்கு. தங்கக் காப்பு எத்தனை இருந்தாலும் இடையிடையே கண்ணாடி இருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் நடக்கும் 'டோஹாளே ஜேவண்', நம் வளைகாப்புக்கு நெருங்கிய உறவு. அன்று கர்ப்பிணி பச்சைச் சேலை உடுத்திப் பூவால் செய்த நகைகளை அணிவாள். தாம்படி ஜோகேஸ்வரி, சதுஃசிருங்கி போன்ற அம்மன் கோவில்களில் 'ஓட்டி' வைக்கும் பெண்கள் சேலை, ரவிக்கைத் துணி, தேங்காயோடு பச்சை வளையலையும் சேர்க்கிறார்கள்.

இலைகளின் வழிபாடு

அஷ்டவிநாயகத் தலங்கள் எட்டில் ஐந்து புனே மாவட்டத்தில் உள்ளன. அனலாசுரனை விழுங்கிய கணபதியின் வயிற்றெரிச்சலை 21 அறுகம்புற்கள் தணித்தன என்பது புராணம். பிள்ளையார் சதுர்த்தி நெருங்கினால் நகரத்துத் தெருவோரங்களில் கட்டுக்கட்டாக அறுகு விற்பனைக்கு வந்துவிடும். தசராவன்று ஆப்டா மரத்தின் இலைகளைப் 'பொன்' என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். ஆஷாட மாதத்தில் ஆளந்தி, தேஹு பல்லக்குகள் புனே வழியாகப் பண்டரிபுரம் செல்லும்போது வார்க்கரி எனப்படும் யாத்திரிகர்களில் பெண்கள் துளசிச் செடியைத் தலையில் சுமந்து நடக்கிறார்கள். இந்நகரத்துத் தர்காக்களில் சமாதியைப் போர்த்தும் சாதரிலும் பச்சையே மிகுதி.

நவராத்திரி ஒன்பது நாளுக்கு ஒன்பது நிறச் சேலை என்ற வழக்கம் இவற்றைப்போலப் பழையதல்ல. மராத்தி நாளிதழொன்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய இந்தப் பழக்கம் அலுவலகங்கள்வரை பரவியது. அதில் வெள்ளிக்கிழமைக்குப் பச்சை. மதுரைச் சித்திரைத் திருவிழாவிலும் பச்சையையொட்டி ஓர் எதிர்பார்ப்பு உண்டு. அழகர் பச்சைப்பட்டு உடுத்தி வைகையில் இறங்கினால் அவ்வாண்டு விளைச்சல் செழிக்கும் என்பார்கள்.

கண்ணும் மனமும்

பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகமாக உணர்வது சுமார் 555 நானோமீட்டர் அலைநீளத்தை. அது மஞ்சள் கலந்த பச்சை. பச்சை மனதை ஆற்றும் என்ற நம்பிக்கைக்குச் சான்றாக அடிக்கடி சுட்டப்படுவது ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனியா மருத்துவமனையொன்றில் பித்தப்பை அறுவை முடிந்த 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் அங்கே வேலை செய்தது நிறமா, மரமா, திறந்த வெளியா என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. நிறத்தின் தாக்கத்தில் பழக்கத்துக்கும் சமூகத்துக்கும் பங்குண்டு என்பதைப் புனே வட்டாரமே காட்டுகிறது.

விலக்கப்பட்டவர்கள்

சுமங்கலியின் அடையாளமானதாலேயே, கணவர் இறந்ததும் பச்சை வளையல் உடைக்கப்பட்டது. அத்தோடு விழாக்களில் முன்னிற்கும் உரிமையும் போயிற்று. இந்த வழக்கத்துக்கு எதிரான முயற்சிகள் பல புனேயில் தொடங்கின. கைவிடப்பட்ட விதவைகளுக்காக ஜோதிராவ், சாவித்ரிபாய் புலே 1863இல் ஓர் இல்லம் திறந்தார்கள். தோண்டோ கேசவ் கார்வே 1893இல் கோதுபாய் என்ற விதவையை மணந்தார், 1896இல் விதவைகளுக்கு ஆசிரமம் அமைத்தார்.

இந்த வழக்கம் பழங்கதையாகிவிடவில்லை. 2022 மே மாதம் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமசபை, விதவையின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, தாலியைக் கழற்றுவது ஆகியவற்றைத் தடைசெய்து தீர்மானம் நிறைவேற்றியது. அதே மாதம் மகாராஷ்டிர அரசு, மற்றக் கிராமங்களும் ஹேர்வாட்டைப் பின்பற்றச் செய்யுமாறு சுற்றறிக்கை அனுப்பியது.