‘ஏறாத’ படிப்பும் அறிதுயில் சிகிச்சையும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து

கிழக்கிலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளில் “புள்ளைக்குப் படிப்பு ஏறுதில்ல” என்ற ஒரே பேச்சு பல குறைகளைச் சுட்டுகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளை, கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை, பாடம் தெரிந்தும் புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாளைக் கண்டதும் கை நடுங்கும் பிள்ளை ஆகிய மூவருக்கும் அதுவே பெயர். பெயர் ஒன்றானதால் பரிகாரமும் ஒன்றாகிவிடுகிறது: ஓதிய தண்ணீர் அல்லது இன்னொரு டியூசன். அந்த வரிசையில் அறிதுயிலையும் சேர்ப்பதாயின், அது மூன்றாவது பிள்ளைக்கே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அறிதுயிலை ‘மனோவசியம்’ என்று அழைக்கும் வழக்கே அதற்கு முதல் தடை. ஒருவர் மற்றவரின் மனத்தைக் கைப்பற்றுகிறார் என்ற அச்சத்தை அது ஊட்டுகிறது. உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயரை 1840களில் அறிதுயிலுக்குப் பரவலாக்கிய மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டே, இது உறக்கமன்று, ஒரே எண்ணத்தில் கவனம் குவிதல் எனப் பின்னர் கருதினார். இலங்கையில் பேய் பிசாசு நம்பிக்கைகளை எதிர்த்த ஆபிரகாம் கோவூரும் இம்முறையைக் கையாண்டார்.

கவனம் குவிவதால் நினைவாற்றல் பெருகிவிடாது. அறிதுயிலில் மீட்கும் நினைவு கூடுதல் நம்பகமானதல்ல என 1985இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு முடிவுசெய்தது. படிக்காத பாடத்தை எந்த அறிதுயிலும் ஊட்டாது. ஆனால் பரீட்சைப் பயம் வேறு. கணக்கைச் செய்யும்போது மனத்தில் இருக்கவேண்டிய இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது. உடலைத் தளர்த்தி அக்கவலையைக் குறைப்பதே இங்கு அறிதுயில் செய்யக்கூடிய வேலை.

இதற்கு நெருங்கிய சான்று நம் பக்கத்திலேயே உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், உள்ளூர் ஆலோசகர்கள் ஒரு குழுவுக்குத் தியான, தளர்வுப் பயிற்சியும் மற்றதற்கு அனுபவத்தை எடுத்துரைக்கும் சிகிச்சையும் ஆறு அமர்வுகளில் அளித்தனர். இரு குழுக்களும் தேறின. அது அறிதுயில் அல்ல. சோதிக்கப்பட்டதும் பேரதிர்ச்சியே, பரீட்சைப் பயம் அல்ல. ஆயினும் பயிற்சி பெற்ற கைகளில் குறுகிய அமர்வுகளே பயன் தரலாம் என்பது தெரிகிறது.

முதல் பிள்ளையின் வாசிப்புக் குறைபாடோ ஒலியையும் எழுத்தையும் இணைப்பதிலுள்ள இடர். ‘கொ’ என்ற ஓரொலியை எழுதக் கொம்பு முன்னும் கால் பின்னும் வரும் தமிழில், அதற்கு மருந்து படிப்படியான எழுத்துப் பயிற்சிதான்.

ஓதிய தண்ணீரும் பயத்தைத் தணிக்கிறதே எனக் கேட்கலாம். தணிக்கலாம்; நம்பிக்கைக்கு அந்த வலு உண்டு. அறிதுயிலின் பலனிலும் நம்பிக்கைக்குப் பங்குண்டு. ஆகவே இரண்டையும் அளக்கும் கோல் ஒன்றே: பயம் தணிந்த பிள்ளை மறுநாள் பயிற்சிக் கொப்பியைத் திறக்கிறதா?

எனவே முதலில் கண்ணும் காதும், அடுத்து வாசிப்பும் சோதிக்கப்பட வேண்டும். அதன் பின்னும் பயமே எஞ்சினால், தகுதிபெற்ற உளமருத்துவரிடம், பெற்றோர் அறிய, அறிதுயிலை நாடலாம். “ஏறுதில்ல” என்று வரும் தாயிடம் ஆசிரியர் முதலில் கேட்கவேண்டியது இதுதான்: எது ஏறுதில்ல, எப்போதிருந்து?